விதையும் மக்கள் தீர்ப்பும்



ஒரு புதிய விதைக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஆராய்ச்சிக் கூடத்திலே அது உருவான வரலாறு ஒன்று. மக்கள் மனத்திலே அது இடம் பெற்ற வரலாறு, அல்லது இடம் பெறாமற்போன வரலாறு, மற்றொன்று. முதல் வரலாற்றை எழுத விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். இரண்டாவது வரலாறு பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ஆயினும் உழவர் நிலத்தில் அந்த விதை முளைப்பதும் முளையாமற்போவதும் இந்த இரண்டாவது வரலாற்றைப் பொறுத்தே அமைகின்றன. மரபணு மாற்றிய பயிர்களைப் பற்றி வளரும் நாடுகளில், சிறப்பாக நம் பாரத நாட்டில், மக்களும் ஆட்சியாளரும் எவ்வாறு அறிவு பெற்றனர், எவ்வாறு தீர்ப்புச் செய்தனர் என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

அதற்குமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1960-களின் நடுப்பகுதியில் தஞ்சை மாவட்டத்தின் குறுவைச் சாகுபடிக்கு ஆடுதுறை-27 என்னும் நெல் ரகம் வந்தது. ஜப்பானிய நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் இணைத்து உண்டாக்கிய குறுகிய கால ரகம் அது. அப்போது தஞ்சை, தீவிர வேளாண்மைத் திட்டத்திற்கென நாட்டிலே முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த மாவட்டங்களுள் ஒன்றாக இருந்தது. புதிய நெல்லை எப்போது விதைப்பது, எவ்வளவு உரம் இடுவது, நோய் கண்டால் என்ன செய்வது என்னும் செய்திகளைத் திருச்சி வானொலி நிலையம் நாள்தோறும் உழவர் வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்த்தது. கேட்டவர்கள் விதைத்தார்கள்; விளைந்ததைப் பக்கத்து வயற்காரர் பார்த்தார்; மறு பருவத்தில் அவரும் விதைத்தார். உழவர்கள் அந்நெல்லின் எண்ணை மறந்து அதற்கு 'ரேடியோ நெல்' என்று பெயரிட்டு வழங்கலாயினர். உலகத்தில் ஒரு தானியத்திற்கு வானொலியின் பெயர் அமைந்தது விந்தையன்றோ!

அதற்கும் முன்னரே, 1956-ஆம் ஆண்டில், யுனெஸ்கோவின் துணையுடன் பூனாவைச் சுற்றியுள்ள ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 சிற்றூர்களில் ஒரு சோதனை நடந்தது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு மன்றம். மன்றத்தார் கூடியிருந்து வானொலி நிகழ்ச்சியைக் கேட்பர். கேட்டதைப் பற்றித் தம்முள் பேசுவர். ஐயங்களை எழுதி நிலையத்திற்கு அனுப்புவர். அவற்றிற்குரிய விடைகள் அடுத்த நிகழ்ச்சிகளில் வரும். கேட்டல், கலந்து பேசுதல், செய்தல் என்பதே அம்மன்றங்களின் நெறி. வெறுமனே வானொலி கேட்ட ஊர்களைக் காட்டிலும், கூடிப் பேசிய ஊர்களிலேதான் அறிவு மிகுதியாக வளர்ந்தது என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

ரேடியோ நெல்லின் கதையில் ஒரு நிழலும் உண்டு. புதிய நெல்லை விளைவிக்கும் வகையை வானொலி சொல்லிற்று. மிகுதியாக விளைந்ததை எவ்வாறு பங்கிடுவது என்பதைச் சொல்லுவார் இல்லை. கூலி உயர்வு கேட்ட உழைப்பாளருக்கும் நிலக்கிழாருக்கும் பகை முற்றி, 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. விதை என்பது மண்ணில் மட்டும் வேர்விடுவதில்லை, சமுதாயத்திலும் வேர்விடுகிறது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

இனி மரபணுவின் காலத்திற்கு வருவோம். 1901-ஆம் ஆண்டில் இஷிவாட்டா என்னும் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் பட்டுப்புழுக்களைத் திடீரென்று மடியச் செய்யும் நோய் ஒன்றை ஆராய்ந்து, அதற்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டார். பத்தாண்டுகளுக்குப் பின், 1911-இல், ஜெர்மனியின் துரிங்கியாப் பகுதியில் மாவில் வளரும் அந்துப்பூச்சியின் புழுக்களில் அதே இனத்து நுண்ணுயிரைப் பெர்லினர் என்பவர் கண்டு, அவ்வூரின் நினைவாகப் 'பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்று பெயர் வைத்தார். பி.டி. என்று நாம் சுருக்கிச் சொல்லுவது இதனையே. 1938-இல் பிரான்சு நாட்டில் இது பூச்சி மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. இந்நுண்ணுயிர் ஒருவகைப் புரதத்தைப் படிகமாகச் சேர்த்து வைக்கிறது. புழு அதை உண்டால், காரத்தன்மை வாய்ந்த அதன் குடலில் படிகம் கரைகிறது. குடற்சுவரிலே பற்றித் துளை செய்கிறது. புழு உண்பதை நிறுத்தி மடிகிறது. மனிதரின் இரைப்பை அமிலத்தன்மை உடையது. அப்புரதம் பற்றிக்கொள்வதற்குரிய இடமும் நம் குடலில் இல்லை. புழுவுக்கு நஞ்சாவது நமக்கு நஞ்சாகாது என்று விஞ்ஞானிகள் சொல்லுவதற்கு அடிப்படை இதுவே.

1987-இல் பெல்ஜிய நாட்டின் கெண்ட் நகரத்து விஞ்ஞானிகள் இப்புரதத்தை உண்டாக்கும் மரபணுவைப் புகையிலைச் செடியில் புகுத்திக் காட்டினர். செடி தன் பகைவனுக்குரிய மருந்தைத் தானே உண்டாக்கிக்கொண்டது. 'விதை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா?' என்பது நம் முன்னோர் கேட்ட கேள்வி. இங்கே முளைத்தது அதே புகையிலைதான். ஆனால் அதன் உள்ளே வேறோர் உயிரினத்தின் ஒரு சிறு குறிப்பும் சேர்ந்து முளைத்தது. அச்சமும் வியப்பும் ஒருங்கே தோன்றியது இயல்பேயாகும். 1996-இல் அமெரிக்க உழவர்கள் பி.டி. பருத்தியைப் பயிரிடத் தொடங்கினர்.

நம் நாட்டுச் சட்டம் இதற்கு முன்னதாகவே விழித்துக்கொண்டது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1989-இல் அதன்கீழ் மரபணு மாற்றிய உயிர்களுக்கென விதிகள் வகுத்தனர்; அனுமதி அளிப்பதற்கு ஒரு குழுவும் அமைந்தது. சட்டம் இருந்தது, குழு இருந்தது, வல்லுநர் இருந்தனர். மக்களுக்கு எடுத்துச் சொல்லும் ஏற்பாடு ஒன்றுதான் இல்லை. ரேடியோ நெல்லுக்கு அமைந்த பாலம் பி.டி. பருத்திக்கு அமையவில்லை. அதன் விளைவுகளை அடுத்தடுத்துக் காண்கிறோம்.

1998-ஆம் ஆண்டில் கர்நாடகத்திலே சோதனைக்காக விளைந்திருந்த பருத்தியை, நஞ்சுண்டசாமி தலைமையில் இயங்கிய விவசாயிகள் சங்கத்தார் பிடுங்கித் தீயிட்டனர். மறுமுறை விதைத்தால் முளைக்காத மலட்டு விதைக்கு அமெரிக்காவில் அவ்வாண்டு காப்புரிமை தந்திருந்தனர். அச்செய்தி பரவி, சோதனைப் பருத்தியிலும் அந்த மலட்டுத்தன்மை இருக்கிறது என்ற பேச்சு எழுந்தது. உண்மையில் அப்பருத்தியில் அது இல்லை. மலட்டு விதை எந்நாட்டிலும் விற்பனைக்கு வரவும் இல்லை. செய்தி பொய். எனினும் அப்பொய்க்குள்ளே ஒரு மெய்யான கேள்வி இருந்தது. 'என் விதையை நான் எடுத்து வைக்கும் உரிமை எனக்கு உண்டா, இல்லையா?' என்பதே அக்கேள்வி. 2001-இல் நம் பாராளுமன்றம் இயற்றிய பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விளைந்த விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் உழவர்க்கு உரிமை தந்தது. மலட்டு விதையைப் பதிவு செய்வதையும் தடுத்தது. ஆகவே மாணவர்களே, மக்களின் அச்சத்தைக் கேட்கும்போது அதிலுள்ள செய்தியையும் கேள்வியையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். செய்தி தவறாயிருந்தால் திருத்த வேண்டும். கேள்வி சரியாயிருந்தால் விடை சொல்ல வேண்டும். செய்தி தவறு என்பதற்காகக் கேள்வியையும் சேர்த்துத் தள்ளிவிடுவது படித்தவர்கள் அடிக்கடி செய்கின்ற பிழை.

2001-ஆம் ஆண்டு குஜராத்தில் காய்ப்புழு பருத்தியைச் சூறையாடிற்று. சில வயல்களில் மட்டும் செடிகள் பழுதின்றி நின்றன. ஆராய்ந்து பார்த்தால் அவை அனுமதி பெறாத பி.டி. பருத்தி! எரித்துவிடுக என்று அரசாங்கக் குழு ஆணையிட்டது, உழவர் இசையவில்லை. கர்நாடகத்தில் உழவர் தீயிட்டனர். குஜராத்தில் உழவர் தீயிடவொட்டாமல் தடுத்தனர். இரு மாநிலத்தாரும் உழவர்தாம். பருத்தியும் ஏறத்தாழ ஒன்றேதான். 'மக்கள் கருத்து' என்று ஒருமையிலே பேசுவது எத்துணைப் பிழையானது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன. 2002-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 26-ஆம் நாள் மூன்று வீரிய ஒட்டுப் பருத்திகளுக்கு முறையான அனுமதி கிடைத்தது.

அதன்பின் நாட்டின் பஞ்சு விளைவு பெருகிற்று. 2001-02-இல் ஏறத்தாழ 158 லட்சம் பேல்கள். 2013-14-இல் ஏறத்தாழ 398 லட்சம் பேல்கள். இதில் பி.டி. மரபணுவின் பங்கு எவ்வளவு, பாசனம், உரம், புதிய ஒட்டு ரகங்கள் ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. விதைப் பையின் விலை 1,600 ரூபாய்க்கு மேலிருந்தது. ஆந்திர அரசாங்கம் வழக்காடிய பின்னர் 2006-இல் 750 ரூபாய்க்கு இறங்கிற்று. இவையெல்லாம் பலரும் அறிந்தவை. பலர் அறியாத ஒரு சிறு பையைப் பற்றிச் சொல்லுகிறேன்.

பி.டி. பருத்தியை வாங்கிய உழவர்க்கு, 450 கிராம் விதைப் பையோடு 120 கிராம் கொண்ட மற்றொரு சிறு பையும் கிடைத்தது. அதில் இருந்தது மரபணு மாற்றாத சாதாரணப் பருத்தி விதை. வயலின் ஓரத்தைச் சுற்றி அதனை விதைக்க வேண்டும் என்பது விதி. ஏன்? நஞ்சைத் தாங்கும் ஆற்றல் பெற்ற புழுக்கள் ஆயிரத்திலோ இலட்சத்திலோ ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். வயல் முழுவதும் பி.டி. பருத்தியானால் அவை மட்டும் பிழைத்துத் தமக்குள் கூடிப் பெருகும். சில ஆண்டுகளில் மருந்து பயனற்றுப் போகும். ஓரத்திலே சாதாரணப் பருத்தி இருந்தால், அங்கே நஞ்சுண்ணாமல் வளர்ந்த அந்துப்பூச்சிகள் இவற்றோடு கூடும்; தாங்கும் ஆற்றல் நீர்த்துப் போகும். ஆகவே புழுவுக்கு இடங்கொடுக்கும் அந்த ஓரத்துப் பயிர்தான் மருந்தின் ஆயுளைக் காப்பது. இது நுட்பமான கருத்து. எனினும் பத்தாம் வகுப்பு மாணவனுக்குக் கரும்பலகையிலே அரைமணி நேரத்தில் விளக்கிவிடலாம். நாட்டின் பல பகுதிகளில் அதை உழவர்க்கு விளக்கியவர் இல்லை. 'புழுவுக்கென்று பயிர் வைப்பார் உண்டோ?' என்று எண்ணிய உழவர்கள் பலர் அப்பையை விதைக்காமலே விட்டனர். சிறு நிலக்காரர்க்கு ஐந்து வரிசை நிலம் என்பதும் எளிதன்று. குஜராத்தில் 2009-ஆம் ஆண்டுப் பயிரில், முதல் தலைமுறைப் பி.டி. பருத்தியைத் தாங்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தோன்றியது தெரிய வந்தது. பின்னர் இரண்டு மரபணுக்கள் சேர்ந்த பருத்தியையும் அது வென்றது. நீண்ட காலச் சாகுபடி, ஒட்டு ரகங்களின் தன்மை எனக் காரணங்கள் பல உண்டு. அந்தச் சிறு பையின் பொருள் உழவர்க்கு எட்டாமற்போனது அவற்றுள் ஒன்று.

பொதுமக்கள் அறிவு என்பது விஞ்ஞானத்திற்குப் புறத்தே பூசும் வண்ணம் என்று சிலர் கருதுகின்றனர். விதை நல்லதாயிருந்தால் போதும், விளக்கம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். 120 கிராம் பையின் கதை அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகிறது. பயிரிடுவோரின் அறிவும் இக்கருவியின் ஓர் உறுப்பு. அவ்வுறுப்பு இல்லையேல் கருவி கெடும்.

அடுத்து வந்தது கத்தரி. சொத்தைக் கத்தரிக்காயை அறியாத வீடு தமிழ்நாட்டிலே இல்லை. தண்டையும் காயையும் துளைக்கும் புழு காய்க்குள்ளே புகுந்துவிட்டால் வெளியிலே அடிக்கும் மருந்து அதைத் தொடுவதில்லை. எனவே உழவர் மீண்டும் மீண்டும் மருந்து அடிக்கின்றனர். அந்நஞ்சு உழைப்பவர் மூச்சிலும் உண்பவர் கறியிலும் சேருகிறது. மகாராட்டிரத்து மஹிகோ நிறுவனம் பி.டி. மரபணுவைக் கத்தரியிலே புகுத்திற்று. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகமும் தார்வாட் பல்கலைக் கழகமும் அந்நிறுவனத்திடமிருந்து மரபணுவைப் பெற்று, உழவர் விதை எடுத்து மறுபடி விதைக்கத்தக்க ரகங்களிலே சேர்த்தன. கோயம்புத்தூர், மதுரை, கிள்ளிகுளம், பாலூர் ஆகிய ஆராய்ச்சி நிலையங்களின் பெயர் தாங்கிய நான்கு கத்தரி ரகங்களைக் கோவை விஞ்ஞானிகள் இதற்கென எடுத்துக்கொண்டனர்.

பருத்தி உடுக்கும் பொருள். கத்தரி உண்ணும் பொருள். எனவே ஐயங்கள் பன்மடங்காயின. 2005-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தனர். ஆய்வு விவரங்களைக் காட்டுக என்று பலர் கேட்டனர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் நீதிமன்றத்தின் வழியாகவும் முயன்ற பின்னரே அவை வெளிவந்தன. வெளிவந்தவையும் ஆங்கிலத்தில், வல்லுநர் மட்டுமே படிக்கத்தக்கவை. 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் அரசாங்கக் குழு பி.டி. கத்தரியை ஏற்கலாம் என்று முடிவு செய்தது.

அப்பொழுது சுற்றுச்சூழல் அமைச்சராயிருந்தவர் ஜெய்ராம் ரமேஷ். குழு ஏற்றதோடு விடாமல், மக்களை நேரிலே கேட்பேன் என்றார் அவர். 2010-ஆம் ஆண்டு ஜனவரி 13 முதல் பிப்ரவரி 6 வரை கல்கத்தா, புவனேசுவரம், அகமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஐதராபாத், பெங்களூர் என்னும் ஏழு நகரங்களில் பொதுக் கூட்டங்கள் நடந்தன. ஏறத்தாழ 8,000 பேர் கலந்துகொண்டனர். உழவர், விஞ்ஞானிகள், மருத்துவர், நுகர்வோர், இயற்கை வேளாண்மையாளர், கம்பெனியார், மாணவர் என்று பலதரப்பட்டோரும் வந்தனர். ஒரு விதையைப் பற்றி ஓர் அமைச்சர் ஊர் ஊராகச் சென்று மணிக்கணக்காக உட்கார்ந்து கேட்டது நம் நாட்டு வரலாற்றிலே புதுமை.

கூட்டங்களில் எழுந்த கேள்விகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, விஞ்ஞானக் கேள்விகள்: நெடுநாள் உண்டால் உடலுக்குத் தீங்குண்டா? கத்தரிக்குத் தாயகமான இந்நாட்டின் பல்வகை ரகங்களோடு இது மகரந்தத்தால் கலக்குமா? இரண்டாம் வகை, உடைமைக் கேள்விகள்: விதை யாருக்குச் சொந்தம்? நாளை விலையை யார் நிர்ணயிப்பர்? மூன்றாம் வகை, நம்பிக்கைக் கேள்விகள்: சோதனை செய்தவர் யார்? விற்பவரே சோதித்தால் அதை எவ்வாறு நம்புவது? இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பியதனாலேயே கூச்சல் மிகுந்தது. 'தீங்கில்லை' என்று ஒரு விஞ்ஞானி முதற் கேள்விக்கு விடை சொன்னால், மூன்றாவது கேள்வியைக் கேட்டவர் நிறைவு பெறுவாரா? 'கம்பெனி கொள்ளையடிக்கிறது' என்று இரண்டாவது கேள்வியைக் கொண்டு முழங்கினால், முதற் கேள்விக்கு அது விடையாகுமா? இரு சாராரும் எதிராளி கேளாத கேள்விக்கே விடை சொல்லிக்கொண்டிருந்தனர்.

கேரளம், பீகார், மேற்கு வங்காளம், ஒரிஸ்ஸா முதலிய பல மாநில அரசாங்கங்கள் தம் தயக்கத்தை எழுத்து மூலம் தெரிவித்தன. கத்தரி விளைவிலே முன்னிற்கும் மாநிலங்கள் இவற்றுள் அடங்கும். பசுமைப் புரட்சிக்கு வழிகோலிய எம். எஸ். சுவாமிநாதன் அவர்களும் நீண்ட கால விளைவுகளைக் குறித்த ஆய்வு வேண்டும் என்றார். பிப்ரவரி 9-ஆம் நாள் அமைச்சர் தம் முடிவை வெளியிட்டார். விஞ்ஞானிகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை, மாநிலங்கள் இசையவில்லை, மக்கள் மனம் தெளியவில்லை, உடனே விற்பனைக்குக் கொண்டுவர வேண்டிய அவசரமும் இல்லை. ஆகவே தனித்த ஆய்வுகள் மக்களுக்கும் வல்லுநர்க்கும் நிறைவு தரும்வரை பி.டி. கத்தரியை நிறுத்தி வைப்பது என்பதே அம்முடிவு. தமக்கு வந்த கருத்துகளையும் கடிதங்களையும் முடிவோடு சேர்த்து வெளியிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஏன் இவ்வாறு முடிவு செய்தேன் என்று ஆள்வோர் காரணங்களை எழுதி வைப்பது மக்களாட்சிக்கு அழகு.

இது நல்ல முன்மாதிரியா? என் கருத்தைச் சொல்லுகிறேன். கேட்டது நன்று, கேட்ட காலம் பிந்திற்று. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிலே எங்களுக்குச் சொல்லித்தரும் முதற் பாடம், 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க' என்பது. உழவர்க்குத் தெரிந்தது சொத்தைக் காயும் மருந்துச் செலவும். அங்கிருந்து தொடங்கி, புழு எவ்வாறு வாழ்கிறது, மருந்து ஏன் பயன்படவில்லை, புதிய விதை என்ன செய்கிறது, அதன் குறைகள் யாவை என்று படிப்படியாக ஐந்தாறு ஆண்டுகள் சொல்லியிருந்தால், ஏழு கூட்டங்களும் அறிவுக் கூட்டங்களாக அமைந்திருக்கும். பாடமே நடத்தாமல் தேர்வு வைத்ததைப் போல் ஆயிற்று அது. தேர்விலே மாணவர் தடுமாறினால் குறை மாணவர் மீதா, ஆசிரியர் மீதா?

விஞ்ஞானிகளும் தம் கடமையில் வழுவினர். அமைச்சர் கேட்டுக்கொண்டதற்கிணங்க நாட்டின் ஆறு விஞ்ஞானக் கழகங்கள் கூடி 2010 செப்டம்பரில் ஓர் அறிக்கை தந்தன. பி.டி. கத்தரியை ஏற்கலாம் என்றது அறிக்கை. ஆனால் அதிலுள்ள சில பகுதிகள் வேறோர் இதழில் முன்பே வெளிவந்த கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்தவை என்பது வெளியாயிற்று. அமைச்சர் அதை ஏற்க மறுத்தார். அறிக்கையைத் திருத்தி எழுத நேர்ந்தது. முடிவு சரியாகவே இருந்திருக்கலாம். அதைச் சொன்ன முறை அதன் மதிப்பைக் குலைத்தது. 2012 ஆகஸ்டில் பசுதேவ் ஆச்சாரியா தலைமையிலான பாராளுமன்ற நிலைக்குழு, யவத்மால் மாவட்டத்துப் பருத்தி உழவரையும் நேரிலே கண்டு வந்து, வயல் சோதனைகளை நிறுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவ்வாறே விதையின் வழக்கு ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து அமைச்சருக்கும், அமைச்சரிடமிருந்து பாராளுமன்றத்திற்கும், உச்ச நீதிமன்றத்திற்கும் சென்றது.

நமக்கு அண்டையிலுள்ள வங்காள தேசம் அதே மரபணுவை ஏற்று வேறு வழியிலே நடந்தது. அங்கே விதையை வெளியிட்டது கம்பெனியன்று. அரசாங்க வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். ரகங்கள் அவ்வூர்ப் பெயர் கொண்டவை: உத்தரா, காஜலா, நயனதாரா. விதையை உழவரே எடுத்து வைத்துக்கொள்ளலாம். 2013 அக்டோபர் 30-இல் அனுமதி கிடைத்தது. 2014 ஜனவரி 22-இல் வேளாண்மை அமைச்சர் மதியா சவுத்ரி அம்மையார் நான்கு மாவட்டங்களைச் சேர்ந்த 20 உழவர்க்கு நாற்றுகளைத் தம் கையாலேயே வழங்கினார். எதிர்ப்பு அங்கும் இருந்தது. முதலாண்டில் சில வயல்களில் செடிகள் வாடியதும் உண்டு. எனினும் 2018-இல் பயிரிட்டோர் தொகை 27,000-ஐத் தாண்டிற்று. பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிலையத்தார் உழவர் வயல்களிலே செய்த ஆய்வு, மருந்துச் செலவு குறைந்ததையும் விளைவு கூடியதையும் காட்டியது. இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும், அதாவது உடைமைக்கும் நம்பிக்கைக்கும், அவர்கள் தொடக்கத்திலேயே ஓரளவு விடை கண்டனர். அங்கே ஏழு நகரங்களிலே எவரும் உட்கார்ந்து மக்களைக் கேட்கவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. ஒரு நாடு கேட்டு நின்றது. மற்றொரு நாடு கேளாது நடந்தது. இரண்டும் முழுமையல்ல.

ஆப்பிரிக்காவைப் பற்றியும் இரண்டொரு சொல். 2002-இல் தென்னாப்பிரிக்கப் பகுதியில் பஞ்சம் வந்து ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பசியால் வாடினர். அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச் சோளத்தில் மரபணு மாற்றிய தானியமும் கலந்திருந்தது. சில நாடுகள், முளைக்காதபடி மாவாக அரைத்துத் தந்தால் பெற்றுக்கொள்வோம் என்றன. சாம்பியா நாட்டுக் குடியரசுத் தலைவர் முவனவாசா தம் விஞ்ஞானிகளைப் பல நாடுகளுக்கு அனுப்பிக் கேட்டறிந்த பின், வேண்டாம் என்றே முடிவு செய்தார். பசித்திருப்பவன் கையிலே உணவோடு கேள்வியையும் சேர்த்துக் கொடுப்பது எவ்வளவு கொடுமை! நிறைவான காலத்திலே கற்காத பாடத்தைப் பஞ்ச காலத்திலே கற்க இயலாது.

இதற்கு மாறான காட்சிகளும் உண்டு. 2001-இல் ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் சிறு நிலமுடையோரும் நிலமற்றோருமான கிராமத்தார் சிலர், பெரும்பாலும் பெண்கள், நடுவராக அமர்ந்து, அரசாங்க அதிகாரிகளையும் விஞ்ஞானிகளையும் கம்பெனியாரையும் சாட்சிகளாகக் கேட்டு, வேளாண்மையின் வருங்காலம் பற்றித் தீர்ப்புச் சொன்னார்கள். 2006-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் சிகாசோ நகரில் 45 உழவர் அவ்வாறே கூடி ஆராய்ந்தனர். இரு இடங்களிலும் தீர்ப்பு மரபணுப் பயிருக்கு எதிராகவே அமைந்தது. நடத்தியவர்கள் ஒரு பக்கம் சாய்ந்தனர் என்ற குறைபாடும் எழுந்தது. அக்குறையை ஆராயலாம், ஆனால் எழுத்தறியாதவர்க்கு இவை விளங்கா என்ற பழைய சொல்லை இனி எவரும் சொல்ல முடியாது. பூனாவின் வானொலி மன்றங்கள் 1956-இல் காட்டிய உண்மையும் இதுவேயன்றோ? கூடிப் பேசினால் அறிவு வளரும்.

வரலாறு இங்கே முடிந்துவிடவில்லை. டெல்லிப் பல்கலைக் கழகத்தார் உருவாக்கிய மரபணு மாற்றிய கடுகுக்கு 2022 அக்டோபரில் சுற்றுச்சூழல் வெளியீட்டு அனுமதி கிடைத்தது. 2024 ஜூலை 23-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் அவ்வனுமதி செல்லுமா என்பதில் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினர். எனினும், எல்லாத் தரப்பினரையும் மாநிலங்களையும் கலந்து ஒரு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். 2025 மே மாதத்தில், வேற்றுயிரின் மரபணுவைப் புகுத்தாமல் நெல்லின் சொந்த மரபணுவையே திருத்தி அமைத்த இரு நெல் ரகங்களை மத்திய வேளாண்மை அமைச்சர் அறிவித்தார். அவற்றுள் ஒன்று சம்பா மசூரியிலிருந்து வந்தது. இவ்வகைப் பயிர்களுக்குப் பழைய விதிகள் சிலவற்றிலிருந்து 2022-லேயே விலக்கு அளித்திருந்தனர். புகுத்துதல் வேறு, திருத்துதல் வேறு என்பதை நம்மிலே எத்தனை பேர் அறிவோம்? ரேடியோ நெல்லைப் பற்றிச் சொன்ன வாய்கள் இதைப் பற்றியும் சொல்லத் தொடங்க வேண்டும். சொல்லுவதோடு கேட்கவும் வேண்டும்.

மாணவர்களே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். மரபணுவைப் பற்றி நீங்கள் ஏட்டிலே படிப்பது கறிக்கு உதவ வேண்டுமானால், உங்கள் ஊர் உழவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கும் கேள்வி உடலைப் பற்றியதா, உடைமையைப் பற்றியதா, நம்பிக்கையைப் பற்றியதா என்று பிரித்தறியுங்கள். தெரிந்ததற்கு விடை சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அறிந்தாரிடம் எழுதிக் கேளுங்கள். இன்னும் பத்தாண்டுகளில் உங்களுள் சிலர் ஆராய்ச்சிக் கூடத்திலும், சிலர் சட்டமன்றத்திலும், சிலர் வயலிலும் இருப்பீர்கள். அந்த மூவரும் ஒரே மொழியிலே பேசிக்கொள்ளக் கற்றிருந்தால், அடுத்த விதை வரும்போது தீயும் வேண்டியதில்லை, தடையும் வேண்டியதில்லை. ஏற்பதானாலும் மறுப்பதானாலும் அறிந்தே செய்யலாம்.